‘இன்னதென்று தெரியவில்லை’ என்று வந்த ரிப்போர்ட்

தென்காசி மாவட்டத்திலிருந்து 36 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை. அவருடைய அக்காவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய். ஹார்மோன் பாசிட்டிவ் வகை, அதாவது பெண் ஹார்மோனின் தூண்டுதலில் வளர்வது. சென்னையில் சிகிச்சை நடக்கிறது. அங்கே அக்காவுக்கு இரண்டு மரபணுப் பரிசோதனைகள் செய்திருக்கிறார்கள். ஆபரேஷனில் எடுத்த கட்டியைச் சோதித்ததில் ‘பிஐகே3சிஏ’ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. ரத்தத்தைச் சோதித்ததில் மார்பகப் புற்று ஆபத்தோடு சம்பந்தப்பட்ட ‘பிஆர்சிஏ2’ மரபணுவில் ஒரு மாற்றமும், அதன் பக்கத்தில் ‘வி.யு.எஸ்.’ என்று மூன்றெழுத்தும் இருந்தன. ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். “பிஆர்சிஏ பாசிட்டிவ். நீங்களும் ஜாக்கிரதையாக இருங்கள்” என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டாராம்.

இதற்கிடையில் சென்னை மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவிலிருந்து போன் வந்திருக்கிறது. வாசகி, அவருடைய அப்பா, சித்தப்பா மூவரும் ரத்தம் கொடுக்க முடியுமா என்று கேட்டு, 14 பக்க ஒப்புதல் படிவமும் அனுப்பியிருக்கிறார்கள். “எங்கள் டிஎன்ஏவை எடுத்து வெளிநாட்டுக்கு விற்றுவிடுவார்கள்” என்கிறார் கணவர். “நம்ம வீட்டுப் பெண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா, இதையெல்லாம் எதற்குக் கிளறுகிறீர்கள்” என்கிறார் மாமியார். வாசகியோ, பயத்தை ஒரேயடியாகத் தீர்க்க இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார். 11 வயது மகளுக்கும் பரிசோதனை செய்துவிட வேண்டுமா என்றும் கேட்கிறார்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: “அம்மா வழியில் யாருக்கும் கேன்சர் கிடையாது. அப்பா வழியில் ஒரு அத்தை மட்டும் 48 வயதில் வயிறு வீங்கி, தண்ணீர் எடுத்து எடுத்து இறந்துபோனார். கர்ப்பப்பைக் கட்டி என்றார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.”

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். உங்கள் அக்கா ‘பிஆர்சிஏ பாசிட்டிவ்’ என்று அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. உங்களைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. நீங்கள் சம்பந்தமில்லை என்று தள்ளிவிட்ட அந்த அத்தையின் வரிதான், ரிப்போர்ட்டைவிட என்னை அதிகமாக யோசிக்க வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு ரிப்போர்ட், இரண்டு கேள்வி

உங்களிடம் இருக்கும் இரண்டு காகிதங்களையும் ஒன்றாகக் கிளிப் போட்டு வைத்திருப்பீர்கள். தயவுசெய்து பிரித்து வையுங்கள்.

கட்டியில் வந்த பிஐகே3சிஏ மாற்றம் அக்காவின் மார்பக செல்களில், அவர் வாழ்நாளில் எப்போதோ உண்டானது. அவர் பிறக்கும்போது இருந்ததல்ல. ஹார்மோன் பாசிட்டிவ் மார்பகப் புற்றில் பத்தில் நான்கு பேருக்கு இது இருக்கும். பிற்காலத்தில் தேவைப்பட்டால் எந்த மருந்து கொடுக்கலாம் என்று அக்காவின் டாக்டர் முடிவு செய்ய உதவும், அவ்வளவுதான். இது குடும்பத்தில் யாருக்கும் போகாது. இதை நினைத்து ஒரு நாள்கூடத் தூக்கம் கெட வேண்டாம்.

ரத்தத்தில் பார்த்தது வேறு. அது பிறவியிலேயே உடம்பின் எல்லா செல்லிலும் இருப்பது. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்தது. உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்களுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அது இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது யாருக்கும் தெரியாது. வி.யு.எஸ். என்பதன் அர்த்தமே, ‘இந்த மாற்றம் கெடுதல் செய்யுமா செய்யாதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை’ என்பதுதான்.

மரபணு மாற்றங்களை ஐந்து படிகளாகப் பிரிப்பது 2015-லிருந்து உலகெங்கும் வழக்கம். நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, தெரியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. முதல் இரண்டு படிகளில் இருந்தால் மட்டுமே சிகிச்சையை மாற்றுகிறோம். உங்கள் அக்காவுடையது நடுப்படி. நடுப்படியிலிருந்து பிற்பாடு நகரும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்ற பக்கம்தான் நகர்ந்திருக்கின்றன. சிலது மறுபக்கமும் போயிருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

ஏன் தெரியவில்லை?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரத்தம் கொடுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

அக்காவின் கையிலிருந்து ஊதா மூடி போட்ட குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்திருப்பார்கள். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, துண்டு துண்டாக்கி, இயந்திரத்தில் படிக்க வைப்பார்கள். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 150 எழுத்து நீளம் (டிஎன்ஏவின் ஒவ்வொரு அலகையும் ஓர் எழுத்து என்போம்). இப்படிக் கோடிக்கணக்கான துண்டுகள் கணினிக்கு வரும். அவற்றை ஒரு மாதிரி வரிசையின் மேல் பொருத்தி, எந்த இடத்தில் எழுத்து வேறுபடுகிறது என்று மென்பொருள் பட்டியல் போடும். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் இந்த வேலையைத்தான். வேடிக்கை என்னவென்றால், உலகமே பயன்படுத்தும் அந்த மாதிரி வரிசையில் ஏறத்தாழ 70 சதவீதம், அமெரிக்காவின் பஃபலோ நகரில் ரத்தம் கொடுத்த ஒரே ஒரு ஆளுடையது.

வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது இன்று சுலபம். உங்களையும் என்னையும் படித்தாலும் லட்சக்கணக்கில் வேறுபாடுகள் வரும்; அநேகமாக எல்லாமே ஒன்றும் செய்யாதவை. கஷ்டம், எது கெட்டது என்று சொல்வதில்தான். அதற்கு முதலில் பார்ப்பது, இதே மாற்றம் நலமாக இருக்கும் மற்றவர்களிடம் இருக்கிறதா என்பது. 200 பேரில் ஒருவருக்கு ஒரு மாற்றம் இருந்து, அவர்களெல்லாம் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறார்கள் என்றால், அது கடுமையான புற்றுநோய் மாற்றமாக இருக்க முடியாது. இதைப் பார்க்க உலக அளவில் 8 லட்சம் பேருக்கு மேல் உள்ள தரவுத்தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் தெற்காசியர்கள் சிறு பங்குதான். இந்தியாவும் பாகிஸ்தானும் வங்கதேசமும் இலங்கையும் சேர்ந்து அந்தச் சிறு பங்கு. அதற்குள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அவரவர் சமூகத்துக்குள்ளேயே, அதிலும் மாமன் மகள், அத்தை மகன் என்று கல்யாணம் செய்து வந்திருக்கிறோம். அதனால் ஒரு சமூகத்தில் சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம் பக்கத்துச் சமூகத்தில் அறவே இல்லாமல் இருக்கலாம். லண்டனில் பார்த்தால் அது ‘மிக அரிது, சந்தேகத்துக்குரியது’. உங்கள் ஊர்த் திருவிழாவில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பத்துப் பேருக்கு இருக்கும். ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களைவிட நம் பெண்களுக்கு இந்த ‘தெரியவில்லை’ ரிப்போர்ட் அதிகம் வருவதன் முக்கியக் காரணம் இதுதான். குறை உங்கள் ரத்தத்தில் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலில்.

இது மெதுவாக மாறுகிறது. மத்திய அரசின் ஜீனோம் இந்தியா திட்டம் 2020-ல் தொடங்கியது. 80-க்கும் மேற்பட்ட மக்கள் பிரிவுகளிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் முழு மரபணு வரிசையைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். அந்தத் தரவு ஃபரிதாபாத்தில் உள்ள அரசு மையத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த மாதம் சென்னை ஐஐடி, இந்திய மார்பகப் புற்று நோயாளிகள் 480 பேரின் திசுக்களை வைத்து ‘பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட புற்றுநோய் அட்லஸ் வேலையை 2006-லேயே தொடங்கி, 33 வகைப் புற்றுகளை அலசி முடித்துவிட்டார்கள். நாம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம்.

இரண்டாவது வழி ஆய்வகத்தில் நடப்பது. 2025 ஜனவரியில் வந்த ஓர் ஆய்வில், பிஆர்சிஏ2 மரபணுவின் முக்கியமான ஒரு பகுதியில் ஏறத்தாழ 7,000 எழுத்து மாற்றங்களை ஒவ்வொன்றாக செல்லில் உண்டாக்கி, செல் பிழைக்கிறதா சாகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். செத்தால் அந்த மாற்றம் மரபணுவைக் கெடுக்கிறது என்று அர்த்தம். அந்தப் பகுதியில் ‘தெரியவில்லை’ என்று கிடந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இதனால் ஒரு பதில் கிடைத்தது. உங்கள் அக்காவின் ரிப்போர்ட் அதற்கு முன் எழுதியதா, பின் எழுதியதா என்று தேதியைப் பாருங்கள். முன் எழுதியது என்றால், “இந்த மாற்றத்தை மறுபடி பார்த்துச் சொல்லுங்கள்” என்று லேபுக்கு ஒரு மெயில் போட்டாலே போதும். பல லேப்கள் காசு வாங்காமலே செய்து தரும். ஆனால் அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். நம் ஊரில் அந்த வழக்கம் இன்னும் சரியாக வரவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது வழி நீங்கள். நீங்கள் மட்டுமல்ல, உங்கள் குடும்பம்.

அத்தையின் கதை

48 வயது. வயிறு வீக்கம். தண்ணீர் எடுத்து எடுத்து... இதைப் படித்தவுடன் எந்தப் புற்றுநோய் டாக்டருக்கும் மனதில் வருவது சினைப்பைப் புற்றுநோய். ‘கர்ப்பப்பைக் கட்டி’ என்று வீட்டில் சொல்வது பல சமயம் சினைப்பைக் கட்டியைத்தான்; இரண்டையும் நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். உறுதியாகச் சொல்லவில்லை, ஈரல் கெட்டாலும் காசநோயிலும்கூட வயிற்றில் நீர் கோக்கும். ஆனால் விசாரிக்காமல் விடக்கூடாத விஷயம் இது.

நீங்கள் இரண்டு அனுமானம் வைத்திருக்கிறீர்கள். ஒன்று, மார்பகப் புற்று அம்மா வழியில்தான் வரும் என்பது. அப்படியில்லை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களும் 17, 13-வது குரோமோசோம்களில் இருக்கின்றன, ஆணுக்கும் உண்டு. அப்பா மூலமாகவும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பில் மகளுக்கு வரும். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதால் அந்த வழியை யாரும் கவனிப்பதில்லை. இன்னொன்று, அத்தைக்கு மார்பில் வரவில்லை, அதனால் சம்பந்தமில்லை என்பது. இதே மரபணுக்கள் கெட்டால் மார்பகத்தைப் போலவே சினைப்பையும் ஆபத்தில் இருக்கிறது. பிஆர்சிஏ1-ல் நோய் தரும் மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் ஏறத்தாழ 44 சதவீதம் பேருக்கும், பிஆர்சிஏ2 என்றால் ஏறத்தாழ 17 சதவீதம் பேருக்கும் சினைப்பைப் புற்று வருவதாக 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது.

ஆகவே அத்தை வீட்டுக்குப் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு பரண் மேல் வைக்காத வீடு நம் ஊரில் இல்லை. அதில் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா, பயாப்சி ரிப்போர்ட் இருக்கிறதா, ‘சிஏ 125’ என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதா என்று பாருங்கள். புரிகிறதோ இல்லையோ, போன் கேமராவில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். பயாப்சி செய்திருந்தால் அந்தத் திசுவை மெழுகுக் கட்டியில் வைத்து மருத்துவமனைகள் சில ஆண்டுகள் காப்பாற்றும். அது இன்னும் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

அது சினைப்பைப் புற்றுதான் என்று தெரிந்தால், உங்கள் அப்பாவின் ரத்தம் ரொம்ப முக்கியமாகிவிடும். அவரிடம் அக்காவின் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது. முழு பேனலும், அதாவது புற்றுநோயோடு சம்பந்தப்பட்ட மற்ற மரபணுக்களையும் சேர்த்து, பார்க்கச் சொல்லுங்கள். காரணம் இது: அத்தைக்கு நோய் தந்தது வேறொரு மாற்றமாக இருக்கலாம். அது அப்பாவிடமும் இருந்து, அக்காவுக்கு வராமல் உங்களுக்கு வந்திருக்கலாம். அக்காவின் ரிப்போர்ட்டில் வேறு எதுவும் இல்லை என்பதால் உங்களுக்கும் இல்லை என்று ஆகிவிடாது. இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறேனே என்று தோன்றுகிறது. ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்காமல் தவறான பதிலோடு நிம்மதியாக இருப்பதை என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு தகவல். யூதர்களில் ஒரு பிரிவினரிடம் அதிகம் காணப்படும் பிஆர்சிஏ1 மாற்றம் ஒன்றை, 185 டெல் ஏஜி என்பார்கள், நம் தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டிருக்கிறார்கள். எந்தக் குடும்பத்துக்கு எது இருக்கும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆபரேஷன்: இப்போது வேண்டாம்

2013-ல் ஏஞ்சலினா ஜோலி ஆபரேஷன் செய்துகொண்ட செய்தியைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவருக்கு இருந்தது பிஆர்சிஏ1-ல் நோய் தரும் மாற்றம், அதாவது முதல் படி. உங்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாக யாரும் காட்டவில்லை. ‘தெரியவில்லை’ என்ற ரிப்போர்ட்டை வைத்து மார்பகத்தையோ சினைப்பையையோ எடுக்கக் கூடாது. எல்லா மருத்துவ வழிகாட்டுதல்களும் இதில் ஒன்றுபடுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண், வேறொரு ஊரில் இதே மாதிரி ரிப்போர்ட்டைக் காட்டி இரண்டு மார்பகங்களையும் எடுத்துக்கொண்டவர். தழும்பில் வலி என்றுதான் வந்தார். நான் லேபுக்கு எழுதிக் கேட்டபோது, அந்த மாற்றம் தீங்கற்றது என்று மாற்றி எழுதிப் பத்து மாதம் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொன்ன அந்த மத்தியான வேளையை என்னால் மறக்க முடியவில்லை.

ஆனால் சும்மா இருக்கவும் கூடாது. மரபணு ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும், அக்காவுக்கு 41-ல் வந்திருக்கிறது என்ற ஒரு காரணம் போதும். உடன்பிறந்தவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே பரிசோதனையைத் தொடங்குவது வழக்கம். உங்கள் விஷயத்தில் அது 31. இப்போது 36, இந்த மாதமே தொடங்குங்கள். மேமோகிராம் மட்டுமா, எம்ஆர்ஐயும் சேர்த்தா என்பதைக் குடும்ப வரலாறு முழுவதையும் பார்த்து டாக்டர் சொல்லட்டும். சினைப்பைக்கு வருஷா வருஷம் சிஏ 125 பார்த்தால் போதுமே என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பிரிட்டனில் 2 லட்சம் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. அப்படிப் பார்த்ததால் உயிரிழப்பு குறையவில்லை.

ரத்தம் கொடுப்பதும் கையெழுத்தும்

கொடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் உங்கள் கணவர் கேட்பது அசட்டுக் கேள்வியில்லை. “பெயரை எடுத்துவிட்டோம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது” என்று படிவத்தில் எழுதியிருந்தால் அது முழு உண்மையாகாது. 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், பெயர் நீக்கிய மரபணுத் தரவையும் இணையத்தில் கிடைக்கும் வம்சாவளித் தகவல்களையும் வைத்து ஏறத்தாழ 50 பேரை அடையாளம் கண்டு காட்டினார்கள். அதனால்தான் இப்போது நல்ல ஆய்வு மையங்கள் இப்படிப்பட்ட தரவை எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வைப்பதில்லை. விண்ணப்பித்து, குழு அனுமதித்த பிறகே கொடுக்கின்றன.

கையெழுத்துப் போடும் முன் அந்த ஆய்வு ஒருங்கிணைப்பாளரை உட்கார வைத்து இவற்றைக் கேளுங்கள்:

- மாதிரிக்கு இடும் குறியீட்டு எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் யாரிடம் இருக்கும்?
- தரவு தனியார் கம்பெனிக்கோ வெளிநாட்டுக்கோ போகுமா? அதை மட்டும் ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் இருக்கிறதா?
- அக்காவின் மாற்றத்துக்குப் பின்னாளில் பதில் தெரிந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா? நாங்கள் கேட்காமல் வேறு ஏதாவது ஆபத்து தெரியவந்தால்?
- பாதியில் விலகினால் மாதிரியை அழிப்பீர்களா?

நான்காவது கேள்விக்கு நேர்மையான பதில், ‘மிச்சமிருக்கும் மாதிரியை அழிப்போம், ஆனால் ஏற்கெனவே ஆய்வில் சேர்ந்துவிட்ட தரவைத் திரும்ப எடுக்க முடியாது’ என்பதாகத்தான் இருக்கும். ‘எப்போது வேண்டுமானாலும் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம்’ என்று சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஆய்விலிருந்து விலகுவது உங்கள் உரிமை. விலகினாலோ, முதலிலேயே மறுத்தாலோ, அக்காவின் சிகிச்சையில் ஒரு மாற்றமும் இருக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. படிவத்தின் கடைசியில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும், இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சித்தப்பா எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். 65 வயதில் நோயில்லாமல் இருக்கும் ஓர் ஆணிடம் அந்த மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதிலிருந்து தெரிவது கொஞ்சம்தான். அத்தையின் பிள்ளைகள் சம்மதித்தால் அது அதைவிட உபயோகம். அத்தையின் பிள்ளைகளில் ஒருவரிடம் அந்த மாற்றம் இருந்தால், அத்தையிடமும் அது இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். நோய் வந்தவர்களோடு மாற்றமும் கூடவே நடக்கிறதா என்று பார்ப்பதுதான் இதில் சூட்சுமம். இதையும் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். அத்தை ஒருவர் இருந்தார் என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. மரபணுக் கோளாறு என்ற காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ 2018 மார்ச்சில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் அமெரிக்காவில் இருப்பதைப் போல மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. விண்ணப்பத்தில் கேட்டால் அக்காவின் நோயை மறைக்காதீர்கள். மறைத்ததைக் காரணம் காட்டித்தான் பின்னால் கைவிரிப்பார்கள்.

மகளும் மாமியாரும்

மகளுக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம். பெரியவர்களுக்கு வரும் நோய்க்குச் சிறு பிள்ளைகளைச் சோதிப்பதில்லை. 11 வயதில் அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, அவள் பதினெட்டு தாண்டி அவளாகவே முடிவு செய்யட்டும். அதற்குள் இந்த ‘தெரியவில்லை’ என்னவாகிறது என்றும் அநேகமாகத் தெரிந்துவிடும்.

உங்கள் மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆய்வுக்குக் கொடுத்த ரத்தத்தின் விவரம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாது. ஊருக்குள் செய்தி போவது லேபிலிருந்தில்லை, கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்துதான். யாரிடம் சொல்வது என்பதை வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், இதையெல்லாம் நிதானமாகப் பேச ஒரு மரபணு ஆலோசகர் வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் வேலூர் சிஎம்சியிலும் இதற்கென்று பிரிவுகள் இருக்கின்றன. அக்காவின் அடுத்த செக்கப் தேதியோடு சேர்த்து முன்பதிவு செய்தால் ஒரே பயணத்தில் முடியும். போகும்போது அப்பாவையும் அழைத்துப் போங்கள். அத்தையின் அந்த மஞ்சப்பையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.